மஜூபாவில் இறங்கிவிட்டவன்

இசாண்டில்வானா
26 ஜனவரி 1999

என் அன்பு மாசித்தோலே,

நான் நலம். தொண்டைதான் போய்விட்டது, நான்கு நாளாகத் தவளை மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். டர்பன் புழுக்கத்தில் நீ எப்படி இருக்கிறாய்? கால் வீக்கம் வடிந்ததா?

முதலில் நீ காத்திருக்கும் செய்தி. ஜெர்மிஸ்டனுக்குப் போனேன். கட்டிடச் சாரத்திலிருந்து நம் சந்தீசோ விழுந்து உயிர்விட்ட இடத்தில் இலந்தைக் கிளையை வைத்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் ஆவியைக் கிளையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் முன்நின்று ஆடு வெட்டினார். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது இருபத்திரண்டாம் தேதியைக் கேள். நம் முன்னோர் இந்த மலையடியில் ஆங்கிலேயனை ஜெயித்து நூற்றிருபதாவது வருஷம் என்பதால் மலையடிவாரம் கொள்ளாத கூட்டம். டண்டியிலிருந்து மட்டும் ஒன்பது பஸ். லண்டனிலிருந்து டிவிக்காரர்கள் வந்து என் தலை இறகைப் பிடித்துப் பார்த்து, நிஜமா என்று கேட்டார்கள். விடியும்போது பெயர் கூப்பிடும் வேலை இந்த வருஷமும் எனக்குத்தான், இது பதினோராவது முறை. அன்று ஆங்கிலேயன் முகாமில் விழுந்த நம் உம்போனாம்பிப் படை ஆட்கள் இருநூற்றுப் பதினாலு பேர், ஒவ்வொருவராக, தகப்பன் பெயரோடு, தாளைப் பார்க்காமல். ஒரு இடத்தில்கூட நாக்கு இடறவில்லை. கடைசிப் பெயர் முடிந்ததும் மலையே பதில் சொல்வது போல ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் கேட்டார்கள்.

மத்தியானம் வழக்கமான சண்டை நாடகம். டண்டியில் மருந்துக்கடை வைத்திருந்த ஹார்டிங் கிழவரை உனக்கு ஞாபகம் இருக்கும், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருஷாவருஷம் என் ஈட்டியில் சாகிறவர். இந்த வருஷம் சாவதற்கு முன்னால் காதருகே வந்து, வழக்கம்போல என் குலப்பெயரைச் சொல்லி, "கன்யிலே, கொஞ்சம் மெதுவாக் குத்துங்க. போன வருஷம் குத்தினது ஈஸ்டர் வரைக்கும் வலிச்சுது" என்றார். மெதுவாகத்தான் குத்தினேன். ஆனால் மனிதர் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் செத்தார். பிறகு எழுந்து டீ குடித்தார்.

அந்தப் பழைய சண்டையன்று கிரகணம் பிடித்துச் சூரியன் இருண்ட நேரம் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் அப்படியே நின்றோம். மூவாயிரம் பேர், ஒரு இருமல்கூட இல்லை. நீ பார்த்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கென்று வெண்கலத்தில் புது நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் சாவகாசமாக எழுதுகிறேன். டிவிக்காரர்கள் கொடுத்த படங்களில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் நிற்பது நான்.

உன்,
ஃபலாக்கே


டர்பன்
9 பிப்ரவரி 1999

சந்தீசோவின் அப்பாவுக்கு,

உங்கள் தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள். என் கால் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஈரத் தரையில் நிற்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை எண்ணினேன். சந்தீசோவுக்கு ஆறு வரி. மலைக்கு மூன்று பக்கம். ஹார்டிங் துரை டீ குடித்ததுவரை எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளை எப்படி வீடு வந்தான் என்று எழுதவில்லை.

எனக்கு லீவு கொடுத்திருந்தால் நானே வந்திருப்பேன், உங்களைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். அவனுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினீர்களா? ஜன்னல் பக்கம் உட்கார வைத்தீர்களா? ஆறு வந்தபோது "ஆத்தைத் தாண்டுறோம்டா" என்று சொன்னீர்களா? நியூகாசிலில் பஸ் மாறும்போது "இறங்கணும், எங்கூடவே வா" என்று சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அவன் இறங்க மாட்டான், அவனுக்குத் தானாக வழி தெரியாது. கிளை கையில் இருக்கும்வரை அவனோடு தவிர வேறு ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாதே, பத்து மணி நேரம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்? அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இருபத்தேழு வருஷமாகத் தெரியும்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவன் பெட்டி வந்தது இருபதாம் தேதி ராத்திரி. இருபத்தொன்றாம் தேதி காலையில் மண் போட்டாகிவிட்டது. மறுநாள் மலையில் ஆள் வேண்டும் என்றீர்கள். என் தங்கை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அவசரத்தில்தானே கிளை கொண்டுபோய் அவனைக் கூப்பிட ஆள் இல்லாமல், உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்து அவன் ஒரு வருஷம் ஜெர்மிஸ்டன் சிமெண்டுத் தூசியில் நின்றான். அதை நான் அன்று சொல்லவில்லை. இன்றும் சண்டைக்காகச் சொல்லவில்லை. அவன் வந்துவிட்டான் என்பதால் சொல்கிறேன்.

என் அறையில் ரேடியோ வாங்கி வைத்திருக்கிறேன். பாட்டுக்காக இல்லை. அணைத்தால் அறை ரொம்பப் பெரிதாகிவிடுகிறது.

விவரமாக எழுதுங்கள். ஒன்றும் விடாமல்.

உங்கள்,
மாசித்தோலே


இசாண்டில்வானா
2 மார்ச் 1999

அன்பு மாசித்தோலே,

ஜன்னல் பக்கம்தான். இரண்டு டிக்கெட் வாங்கினேன். கண்டக்டர் நம் ஆள், கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். ஆற்றில் சொன்னேன், நியூகாசிலில் சொன்னேன், எல்லாம் சொன்னேன். போதுமா? நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. கூரை மேற்குப் பக்கம் ஒழுகுகிறது. நினைவுச்சின்னத்துக்குக் கமிட்டி ஒன்று போட்டு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் பெயர் கூப்பிடும் வேலையைத் தன்னிடம் விடச்சொல்லி எங்கள் படைக்காரன் ந்தூலி கேட்டிருக்கிறான். அவனுக்கு முப்பது பெயர்கூடத் தாளில்லாமல் வராது. சிரித்துவிட்டு வந்தேன்.

ஈஸ்டருக்கு உனக்கு நான்கு நாள் லீவு கிடைக்குமே, வா. வீட்டில் பேச்சுத்துணை இல்லை. கோழிகளிடம் பேசுகிறேன், அவை தின்றுவிட்டுப் போய்விடுகின்றன.

உன்,
ஃபலாக்கே


டர்பன்
14 ஏப்ரல் 1999

சந்தீசோவின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த சோளமும் பூசணியும் கெடாமல் வந்தன.

நேரில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான்கு ராத்திரியும் அந்த வட்டக் குடிலில்தான் படுத்தேன், பின்சுவரோரம், இறந்துபோன நம் பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். உங்கள் அம்மா அங்கே இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். விளக்கை அணைத்தால் யாரோ நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருக்கும். இந்த முறையும் அவர் இருந்தார். சந்தீசோ இல்லை. தயிர் வைத்தேன், அவன் சின்ன வயதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெறும் சுவரோடு பேசினேன்.

டர்பன் திரும்பிய அன்று கனவில் வந்தான். தார்ரோடு ஓரம், பின்னால் பெரிய மலை. தலையில் அந்த மஞ்சள் தொப்பி, வேலைக்குப் போட்டுப் போவானே, அது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான். "அம்மா, அப்பா எந்த பஸ்ல ஏறினாரு? பாத்தீங்களா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அது நம் மலை இல்லை. நம் மலையின் உருவம் எனக்குத் தெரியாதா? என்ன நடந்தது என்று சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

மாசித்தோலே


இசாண்டில்வானா
20 ஜூன் 1999

மாசித்தோலே,

இரண்டு மாதமாக எழுதவில்லை. நான்கு முறை உட்கார்ந்து நான்கு முறை கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

ஜெர்மிஸ்டனில் எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தக் கட்டிடத்தில் இப்போது ஆபீஸ் இருக்கிறது, காவல்காரன் நம் ஊர்க்காரன், உள்ளே விட்டான். கூப்பிட்டதும் கிளை கனத்தது. பொய் சொல்லவில்லை, கை தாழ்ந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். ஃபோல்க்ஸ்ரஸ்ட் ஊர் வரும்வரை அவனோடுதான் பேசினேன். உன் கால் வலியைப் பற்றிச் சொன்னேன். அவனை அவசரமாகப் புதைத்ததற்கு மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

பிறகு மஜூபா மலை தெரிந்தது. முன் சீட்டில் சிவப்புத் தொப்பி வைத்த ஒருவன் எழுந்து நின்றான். "பாருங்கப்பா, இங்கதான் போயர்காரன் இங்கிலீஷ்காரனை மலையிலருந்து உருட்டி விட்டான். ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நம்மாளு உருட்டிட்டான்ல!" என்றான். பஸ்ஸே கைதட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. "சந்தீசோ, மஜூபா வந்துடுச்சுடா, அடுத்தது நியூகாசில்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் விடவில்லை. "இசாண்டில்வானாவுல முகாமுக்குள்ள முதல்ல கால் வெச்சது யாரு? இங்கோபமகோசிப் படை! இந்த உம்போனாம்பிக்காரனுங்க இருக்கானுங்களே, எல்லாம் முடிஞ்சப்பறம் மாடு ஓட்டிக்கிட்டுப் போக வந்தவனுங்க!" என்றான்.

மாடு ஓட்ட! என் பூட்டன் அந்த முகாமின் வாசலில் விழுந்தவர். நூற்றுப் பதினேழாவதாக நான் கூப்பிடும் பெயர் அவருடையது. எழுந்தது எனக்குத் தெரியாது, பேசியது தெரியாது. "யோவ், எவன்யா உனக்குச் சொன்னது?" என்ற என் குரலை நானே கேட்டேன்.

"எவன் சொல்லணும்? ஊருக்கே தெரியும். நீ என்ன, நேர்ல பாத்தியா?"

"நீ பாத்தியா?"

"எங்க பூட்டன் பாத்தாரு!"

"உங்க பூட்டன் பின்னாடிதானய்யா வந்தாரு, அவருக்கு எங்க ஆளுங்க முதுகுதான் தெரிஞ்சிருக்கும்!"

பஸ் சிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது, மாசித்தோலே. அதையும் எழுதிவிடுகிறேன். எந்தப் படை எந்த ஓடைப்பக்கம் இறங்கியது, எந்த நேரத்தில் துப்பாக்கி ஓய்ந்தது என்று கையை வீசி எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். கடைசியில் பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஏம்ப்பா, ஒங்கையில என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

கிளையை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தொப்பிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் உட்கார்ந்து, "சந்தீசோ" என்றேன். கிளை வெறும் குச்சியாக இருந்தது. ஜன்னல் பக்கச் சீட்டில் ஒரு பெண் தன் கூடையை வைத்திருந்தாள். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நியூகாசிலில் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். மஜூபா அடிவாரத்தில் நின்று மறுபடி கூப்பிட்டிருக்கலாம். அன்று தேதி இருபது. மறுநாள் ஒத்திகை. அந்த வெறும் குச்சியைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தேன். ஆட்டையும் வெட்டினோம்.

ஃபலாக்கே


டர்பன்
5 ஜூலை 1999

சந்தீசோவின் அப்பாவுக்கு,

நீங்கள் பேசியதை என்னால் மன்னிக்க முடியும். மீனை நீந்தாதே என்று சொல்ல முடியாது. உங்களை நான் கட்டிக்கொண்டதே அந்த வாய்க்காகத்தான். கல்யாண வீட்டில் நீங்கள் சண்டைக்கதை சொன்னபோது என் தோழிகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"அன்று தேதி இருபது. மறுநாள் ஒத்திகை." இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பெட்டி வந்த வருஷமும் தேதி இருபதுதான்.

இருநூற்றுப் பதினாலு பேரைக் கூப்பிடுகிறீர்கள். அவர்கள் பெரிய வீரர்கள், காத்திருந்து பழகியவர்கள். என் பிள்ளை பன்னிரண்டு வயதுவரை இருட்டில் தொழுவத்துக்குத் தனியாகப் போகமாட்டான். நீங்கள் அப்போது கேலி செய்வீர்கள். அவன் இப்போது தெரியாத ஊரில் ரோட்டோரம் நிற்கிறான். குளிர்காலம், மஜூபாவில் இந்த மாதம் பனி விழும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்புங்கள். அண்ணனிடம் உண்மையைச் சொல்லுங்கள், புதுக்கிளை வெட்டுங்கள், போய்க் கூட்டி வாருங்கள். வேறு ஒன்றும் நான் உங்களிடம் கேட்கப்போவதில்லை.

மாசித்தோலே


இசாண்டில்வானா
3 அக்டோபர் 1999

அன்பு மாசித்தோலே,

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. கோபப்படாமல் படி.

போகமாட்டேன் என்று சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். அண்ணனுக்குத் தெரிந்தால் அண்ணிக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரிந்தால் சந்தைக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப் பஸ்ஸில் தொலைத்தவன் மற்ற வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடலாமா என்று கமிட்டியில் கேட்பார்கள். ந்தூலி தாளும் கையுமாகக் காத்திருக்கிறான்.

நீ டர்பனில் இருக்கிறாய். பிள்ளை இல்லை. ராத்திரி களி கிண்டித் தனியாகத் தின்கிறேன், சட்டியில் பாதி மிஞ்சுகிறது. வருஷத்தில் அந்த ஒரு விடியற்காலையில்தான் நான் சத்தம் போட்டுக் கூப்பிட, யாரோ கேட்கிறார்கள் என்று இருக்கிறது. அதையும் பறித்தால் நான் என்ன செய்வேன்?

இருபத்திரண்டு முடியட்டும். இருபத்துமூன்றாம் தேதி காலை முதல் பஸ்ஸிலேயே போகிறேன். சத்தியம். இத்தனை மாதம் நின்றவன் இன்னும் மூன்று மாதம் நிற்கமாட்டானா?

உன்,
ஃபலாக்கே


டர்பன்
12 டிசம்பர் 1999

உங்கள் கடிதம் கிடைத்தது. சத்தியமும் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அந்த லீவை ஜனவரிக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

சந்தீசோவின் அம்மா


இசாண்டில்வானா
25 ஜனவரி 2000

மாசித்தோலே,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். உன் பக்கம் எப்படி இருந்தது என்று நீதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம். படை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது, நான் முன்னால் நின்றேன். விசில் ஊதினால் ஓட வேண்டும். அப்போதுதான் டண்டி வேன் நின்றது. தோளில் போர்வையோடு நீ இறங்கினாய். எனக்கு எப்படிச் சந்தோஷம் பொங்கியது தெரியுமா? பத்து வருஷம் கழித்து என் சண்டையைப் பார்க்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். "மாசித்தோலே! ஏய், மாசித்தோலே!" என்று கத்தினேன். நீ திரும்பவில்லை. மறுபடி கத்தினேன்.

ந்தூலி சும்மா இருப்பானா? "என்னண்ணே, இங்கிலீஷ்காரனை வருஷாவருஷம் ஜெயிக்கிறீங்க, வீட்டம்மாகிட்ட பலிக்காது போலயே!" என்றான். முந்நூறு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கேடயத்தோடு ஓடிவந்து உன் வழியை மறித்தேன். "புருஷன் கூப்பிடுறேன், காது அடைச்சுப்போச்சா?" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முணுமுணுப்பாக, ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பயப்படாதே. இது உங்கப்பாதான். வழியில நிக்கிறாரு. நாம சுத்திப் போயிடலாம் வா."

அப்போதுதான் போர்வைக்குள் இலந்தை இலையைப் பார்த்தேன்.

விலகி நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனீர்கள், நீயும் அவனும். விசில் ஊதினார்கள். மொத்தப் படையும் கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடியது, யாரோ என் தோளில் இடித்தான். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பெரிய சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஹார்டிங் கிழவர் என்னைத் தேடிவிட்டு வேறு யாரிடமோ செத்தாராம்.

உன் பின்னால் வந்திருக்கலாம். வீடு பத்து நிமிஷ நடைதான். உன் எதிரில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. நீ திரும்பி வருவாய், கிளை இல்லாமல் வருவாய், அப்போது பேசலாம் என்று காத்திருந்தேன். நேரம் ஆகித்தான் வந்தாய். கை வெறுமையாக இருந்தது. நான் எழுந்து நின்றேன். மூன்றடி தூரத்தில் என்னைத் தாண்டி வேனில் ஏறினாய்.

வீட்டுக்குப் போனால் அண்ணன் குடில் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆடு வெட்டி, தோலை வேலியில் போட்டிருந்தார். உள்ளே தரை மெழுகியிருந்தது. கிளை பின்சுவரோரம் இருந்தது, பக்கத்தில் தயிர். "ஜூலை மாசமே அவ எனக்கு எழுதிட்டா. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஆறு மாசம் பாத்தேன்டா" என்றார். யாரிடமும் சொல்லவில்லையாம், அண்ணியிடம்கூட.

அன்று ராத்திரி அங்கே படுத்தேன். வந்துவிட்டான், மாசித்தோலே. மூச்சுக் கேட்காது, ஆனாலும் அறையில் இன்னொருவன் தூங்குவது தெரியுமே, அப்படி இருந்தது. நீ மஜூபாவில் இறங்கி எவ்வளவு நேரம் கூப்பிட்டாய்? உடனே வந்தானா?

போகும்போது நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். திரும்பும்போது ஏன் பேசவில்லை? கிளையை இறக்கி வைத்தபிறகு யாரோடு வேண்டுமானாலும் பேசலாம் என்பதுதானே நம் வழக்கம்.

உடனே எழுது.

ஃபலாக்கே


இசாண்டில்வானா
22 ஜனவரி 2001

மாசித்தோலே,

அன்றிலிருந்து பதில் வராமல் நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. எதுவும் திரும்பி வரவில்லை, அதனால் உனக்குக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். சலவைக்கூடத்தில் உன்னைப் பார்த்ததாக அண்ணன் மகள் சொன்னாள். நன்றாக இருக்கிறாயாம், கால் வீக்கம் குறைந்திருக்கிறதாம். சந்தோஷம்.

இன்று தேதி இருபத்திரண்டு. நான் மலைக்குப் போகவில்லை. பெயர் கூப்பிடும் வேலையை நானாகவே விட்டுவிட்டேன், பஸ்ஸில் நடந்ததைக் கமிட்டியில் சொல்லிவிட்டுத்தான் விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ந்தூலி தாளைப் பார்த்துக் கூப்பிட்டான், இங்கே கேட்டது. இரண்டு பெயரை விட்டுவிட்டான். போகட்டும். பத்து வருஷத்தில் அவனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

முகாமுக்குள் முதலில் போனது எந்தப் படை என்று நேற்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டார். தெரியாது என்றேன்.

குடிலில் சந்தீசோவோடுதான் இருக்கிறேன். அவன் இருப்பதால் வீடு ஒரேயடியாகக் காலியாக இல்லை. ஆனால் அவன் கேட்கிறவன், பதில் சொல்கிறவன் இல்லை. நான் ஆயுசு முழுக்கப் பேசிவிட்டேன், யாராவது பேச நான் கேட்க வேண்டும் போல இருக்கிறது. மத்தியானம் அவர்கள் சத்தமில்லாமல் நிற்கிற நேரத்தில் நானும் இங்கே எழுந்து நின்றேன். எனக்கு அந்த நிமிஷம் முடியவே இல்லை.

நீ வர வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் எழுது. மஜூபாவிலிருந்து வீடுவரை வழி முழுக்க நீ அவனோடுதானே பேசிக்கொண்டு வந்தாய். அவ்வளவு நேரப் பேச்சில் எனக்குக் கேட்டது ஒரே ஒரு வரி. மற்ற வழியில், எங்கேயாவது ஓர் இடத்தில், என்னைப் பற்றி அவனிடம் நல்லதாக ஏதாவது சொன்னாயா?

ஃபலாக்கே